ஃபயர் ஸ்டேஷன் ஸ்டாஃப்கிட்ட சர்வே எடுக்கலாம் வாங்க

நம்ம டர்பன்ல ஃபயர் டிபார்ட்மென்ட் என்ன பிளான் போட்டாலும் அது முனிசிபாலிட்டியோட அஞ்சு வருஷ வளர்ச்சித் திட்டமான ஐடிபி கூட ஒத்துப் போகணும். அந்த பிளான்ல ஃபயர் வண்டியில ஏறிப் போறவங்க சொல்றதும் வரணும், 2022 ஏப்ரல் வெள்ளத்துல தண்ணிக்குள்ள எறங்கினவங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் ஃபைல்ல இருக்காது.

முதல்ல, எந்த முடிவுக்காகக் கேக்குறோம்னு எழுதி வைங்க. புது ஸ்டேஷன் எங்க வேணும், எந்த வண்டிய மாத்தணும், எந்த டிரெய்னிங் குறையுது, இதுல எதுக்கும் உதவாத கேள்விய தூக்கிடுங்க. முனிசிபாலிட்டி ஸ்டாஃபோட சம்வு, இமாட்டு யூனியன் ஆளுங்ககிட்டயும் முன்னாடியே பேசிடுங்க, இல்லன்னா சந்தேகம்தான் வளரும்.

அடுத்து கேள்வி. "டிரெய்னிங்கும் சாமானும் போதுமா?"னு கேட்டா ரெண்டு கேள்விய ஒண்ணா கட்டின மாதிரி, டிரெய்னிங் நல்லா இருந்து ஹோஸ் கிழிஞ்சிருந்தா அவர் என்னன்னு டிக் பண்ணுவாரு? பிரிச்சு, நடந்தத கேளுங்க: "போன ஆறு மாசத்துல பிஏ செட் (புகைக்குள்ள மூச்சு விட உதவுற கருவி) மாட்டிக்கிட்டு எத்தன தடவ டிரெய்னிங் பண்ணீங்க?" கடைசியில "நாளைக்கே ஒண்ண மாத்தலாம்னா எத மாத்துவீங்க?"னு எழுத இடம் விடுங்க, எனக்கு அதுதான் உயிரான கேள்வி.

பேரு கேக்காதீங்க. அது மட்டும் போதாது, ஸ்டேஷன், ஷிஃப்ட், ரேங்க், ஆணா பொண்ணான்னு எல்லாம் சேத்துக் கேட்டா அந்த ஷிஃப்ட்ல இருக்கிற ஒரே லேடி யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அப்புறம் யாரு உண்மைய எழுதுவா. தேவையானத மட்டும் கேளுங்க, தனிப்பட்ட தகவல பாதுகாக்கிற போபியா சட்டமும் அதத்தான் சொல்லுது. அஞ்சு பேருக்குக் கொறஞ்ச குரூப்ப தனியா காட்டாதீங்க.

இங்கிலீஷ்லயும் சூலுவிலயும் குடுங்க. ஒரு ஷிஃப்ட்ல சில பேர்கிட்ட குடுத்துப் பாத்து, புரியாத வார்த்தைய மாத்திட்டு அப்புறம் எல்லா ஷிஃப்டுக்கும் அனுப்புங்க, லீவுல இருக்கிறவங்க, கன்ட்ரோல் ரூம்ல போன் எடுக்கிறவங்க, ஒர்க்‌ஷாப் மெக்கானிக், இவங்கள விட்டுடாதீங்க. டியூட்டி நேரத்துலயே நிரப்ப விடுங்க, அவங்க சொந்த போன் டேட்டா செலவாகக் கூடாது.

பதில் வந்ததும் மொத்த சராசரிய மட்டும் பாக்காம ஆபீசர் சொன்னதையும் க்ரூ சொன்னதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, பெரிய வித்தியாசம் எங்கயோ அங்கதான் மேல பேசணும்.

அப்புறம் ஷிஃப்ட் மாத்துற நேரத்துல ஸ்டேஷனுக்கே போயி, என்ன சொன்னீங்க, எது பிளான்ல ஏறுச்சு, யாரு பொறுப்பு, எது முடியாது, ஏன் முடியாதுன்னு நேர்லயே சொல்லிடுங்க.