சிறு விமானத்தில் வி.எச்.எஃப். ஆண்டெனா பொருத்துவது எப்படி? (பெயின்டைச் சுரண்டும் கட்டத்தில் அவசரப்படாதீர்கள்)

கோலாலம்பூரிலிருந்து நாள்தோறும் சுபாங் விமான நிலையத்து ஹேங்கருக்கு வேலைக்குப் போகிறவன் நான். 1998இல் பெரிய விமானங்கள் செப்பாங்கில் உள்ள புதிய விமான நிலையத்துக்கு இடம் மாறிய பிறகும் சிறு விமானங்களின் பராமரிப்பு வேலை இங்கே தொடர்கிறது. பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்பதால் இதை எழுதுகிறேன். செஸ்னா 172 போன்ற அலுமினிய உடல் விமானத்தின் கூரையில் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) பேச்சுத் தொடர்பு ஆண்டெனா பொருத்துவதை எடுத்துக்கொள்வோம். அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும், உரிமம் பெற்ற பொறியாளரின் மேற்பார்வையும் இல்லாமல் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள்.

முதலில் இடம். ஆண்டெனாவின் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்குக் கால் அலைநீளம் அவ்வளவுதான் வரும். அதைச் சுற்றியுள்ள உலோகத்தகடு ஆண்டெனாவின் மறுபாதி. ஆகவே எல்லாப் பக்கமும் அதே அளவுக்கு உலோகம் பரந்திருந்தால் நல்லது. உள்கூரைத் துணியைக் கழற்றி, பின்புறம் சட்டமோ கட்டுப்பாட்டுக் கம்பியோ ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள், கையாலும் தடவிப் பாருங்கள்.

அடுத்து டபுளர், அதாவது உட்புறம் வைக்கும் வலுவூட்டும் தகடு. மெல்லிய வெளித்தகடு மட்டும் காற்றின் உதைப்பைத் தாங்காது. நாளடைவில் விரிசல் விடும். 2024-டி3 என்ற வலிமையான அலுமினியக் கலவையில், வெளித்தகட்டின் தடிமனுக்குக் குறையாமல் ஒரு துண்டு வெட்டி, மூலைகளை உருட்டி, உட்புறம் ரிவெட் அடிக்க வேண்டும். ஓட்டைகளைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள்.

இனி நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். முதன்முதலில் தனியாகச் செய்த வேலையில், ஆண்டெனாவின் அடிப்பாகம் உட்காரும் இடத்தில் பெயின்டை அப்படியே விட்டுவிட்டேன். பெயின்ட் மின்தொடர்பைத் தடுக்கும். அடிப்பாகத்துக்கும் வெளித்தகட்டுக்கும் இடையிலான மின்தடையை அளந்தபோது சாதாரண மல்டிமீட்டர் 0.2 ஓம் காட்டியது. போதும் என்று நினைத்தேன். அந்த 0.2 ஓம் மீட்டரின் ஒயர்களுடையது. நமக்குத் தேவையானது 3 மில்லிஓமுக்குள், அதாவது அதில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு; அந்த மீட்டரால் அதைப் பார்க்கவே முடியாது. மழைக்காலம் முடிந்ததும் விமானி பேசுவது கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு விட்டுவிட்டுக் கேட்டது. கழற்றிப் பார்த்தபோது அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நம் ஊர் ஈரத்தில் அலுமினியம் அரிப்பதற்கு நீண்ட காலம் தேவையில்லை. வானில் பேச்சு அறுபடுவது சிறிய பிழை அல்ல. அன்றிலிருந்து இந்தக் கட்டத்துக்கு அரை நாள் ஒதுக்குகிறேன்.

ஆண்டெனாவின் அடிப்பாக அளவுக்குக் கோடு போட்டு, பெயின்டை உலோகமில்லாத நார்த் தேய்ப்பானால் மெல்லத் தேய்த்து எடுங்கள். எஃகுக் கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். பளபளப்பு வந்ததும் அலோடைன் பூச்சு, அதாவது அரிப்பைத் தடுக்கும் ரசாயனப் பூச்சு. வெளிர்பொன் நிறம் வந்தவுடன் நீரால் கழுவிவிடுங்கள். அடர்பழுப்பாகும்வரை விட்டால் மின்தடை கூடிவிடும். பழைய வகை அலோடைனில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் அணிய மறக்காதீர்கள். துடைத்த துணி காய்ந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால், நீரில் அலசிய பின்பே அப்புறப்படுத்த வேண்டும்.

திருகுகளை முடுக்கிய பிறகு, ஒயர்களின் தடையைச் சேர்க்காமல் அளக்கும் நான்கு முனை மில்லிஓம் மீட்டரால் அந்த மின்தடையை அளந்து பாருங்கள். இந்தக் கருவிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். வாங்க முடியாவிட்டால் கடன் கேளுங்கள். நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் அதற்குப் பிறகுதான், அதுவும் விளிம்பைச் சுற்றி மட்டும். அடியில் தடவினால் இவ்வளவு நேரம் தேய்த்ததெல்லாம் வீண்.

ஆண்டெனாவை ரேடியோவோடு இணைக்கும் கேபிளுக்கு என் தேர்வு ஆர்.ஜி.-400 வகை. இரட்டைக் கவசம், வெப்பம் தாங்கும் உறை. மலிவான ஆர்.ஜி.-58ஐ நான் விமானத்தில் போடுவதில்லை. சோதிக்கும்போது விமானத்தை ஹேங்கருக்கு வெளியே தள்ளுங்கள். இரும்புக் கூரை அளவைக் குழப்பும். அலைவரிசையின் இரு முனைகளிலும் நடுவிலும் நிலை அலை விகிதம் (எஸ்.டபிள்யூ.ஆர்., ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) 2க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. 3ஐத் தாண்டினால் மீண்டும் திறக்க வேண்டும். எடைக் கணக்கையும் பதிவேட்டையும் அன்றே முடித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: பினாங்கிலிருந்து ஒரு தங்கை கேட்டார்: "அண்ணா, என் ஆண்டெனாவுக்கு அடியில் ரப்பர் கேஸ்கெட் வருகிறதே, வெளியே சுரண்டி என்ன பயன்?" சரியான கேள்வி. அந்த வகையில் மின்தொடர்பு திருகுகள் வழியாக உள்ளே போகிறது. ஆகவே உட்புறத்தில், டபுளரில் திருகு மரைகள் அமரும் இடங்களைத்தான் சுத்தமாக்க வேண்டும்; டபுளருக்கும் வெளித்தகட்டுக்கும் இடையிலான தொடர்பையும் தனியாக அளக்க வேண்டும். தயாரிப்பாளரின் தாளில் எந்த வழி என்று போட்டிருக்கும். அதைப் படித்த பிறகு பெயின்டில் கை வையுங்கள்.