குளிருறக்கத்தில் இருக்கும் விலங்கின் ஈசிஜியைப் பதிவுசெய்து படிப்பது எப்படி

பதிமூன்று வரித் தரை அணில் விழித்திருக்கும்போது அதன் இதயம் நிமிடத்துக்கு 200 முதல் 300 முறை துடிக்கும். ஆழ்ந்த குளிருறக்கத்தில் அது 3 முதல் 10 வரை இறங்கிவிடும். உடல் வெப்பமும் 37 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரிக்கு அருகே வந்துவிடும். மனித உடல் 28 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து ரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. அணிலின் இதயம் எப்படித் தாங்குகிறது என்பதை இதயத்தின் மின்பதிவான ஈசிஜியில் பார்க்கலாம், பதிவு ஒழுங்காக இருந்தால்.

பொருத்துதல்

டெலிமெட்ரி கருவியை (உடலுக்குள் இருந்தபடியே துடிப்பையும் வெப்பத்தையும் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி) கோடையின் கடைசியிலேயே பொருத்திவிட வேண்டும். காயம் ஆற இரண்டு வாரமாவது தேவை. ஆழ்ந்த உறக்கத்தில் செல் பிரிதல் ஏறத்தாழ நின்றுவிடுவதால், தாமதமாகப் பொருத்தினால் தையல் சரியாக ஆறாது. இது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கால்நடை மருத்துவரும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

ஒரு மின்முனையை வலது தோள்பட்டைப் பக்கமும், மற்றொன்றை இடது மார்பின் கீழ்ப்பக்கமும் வையுங்கள். தடித்த தசைமேல் வைத்தால், விழிக்கும் நேரத்து நடுக்கத்தின் மின்னலைகள் துடிப்பை மறைத்துவிடும். கருவியிலுள்ள வெப்பமானியைப் பொருத்துமுன் பனிக்கட்டி நீரிலும் 37 டிகிரி நீரிலும் வைத்துச் சரிபாருங்கள். குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் குறையும் என்பதால் கருவியை 4 டிகிரியில் சில நாள் ஓடவிட்டும் பார்க்க வேண்டும்.

அறை

4 முதல் 5 டிகிரி, முழு இருட்டு, அதிர்வில்லாத தளம். குளிரூட்டியின் கம்ப்ரசர் அதே மேசையில் இருந்தால் பதிவு கெடும், விலங்கும் விழித்துக்கொள்ளும். ஒருமுறை விழிப்பதற்கே ஏராளமான கொழுப்பு எரிகிறது. சிறு விலங்குகளின் குளிர்காலச் செலவில் பெரும்பங்கு உறக்கத்துக்கு இடையிடையே வரும் இந்த விழிப்புகளுக்குத்தான் போகிறது. அதனால் தேவையில்லாமல் எழுப்புவது அதன் உயிரோடு விளையாடுவதுதான். தொட்டுப் பார்க்கவே வேண்டாம். முதுகில் ஒரு சிட்டிகை மரத்தூளைத் தூவிவிடுங்கள். மறுநாள் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் பார்க்கும்போது தூள் அப்படியே இருந்தால் விலங்கு அசையவில்லை. பழைய முறைதான், இன்றும் இதைவிட எளியது கிடையாது.

மென்பொருள் அமைப்பு

பெரும்பாலான பதிவுகள் வீணாவது இங்கேதான். துடிப்பைத் தானாக எண்ணும் மென்பொருள் விழித்திருக்கும் எலியையோ மனிதரையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 5 துடிப்பு என்றால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 12 விநாடி. மென்பொருள் ஒரே தடவையில் எண்ணும் நேரத்துண்டுதான் சாளரம்; 10 விநாடிச் சாளரத்தில் ஒரு துடிப்பு விழலாம், எதுவுமே விழாமலும் போகலாம். மென்பொருள் அதைச் சுழியம் என்றோ பிழை என்றோ எழுதிவிடும். சாளரத்தை ஐந்து நிமிடமாக்குங்கள். சராசரியை மட்டும் நம்பாமல் ஒவ்வோர் இடைவெளியையும் தனியே சேமியுங்கள். விழிப்பின்போது துடிப்பு மிக வேகமாகும் என்பதால் விநாடிக்கு 1000 மாதிரிகள் எடுப்பது நல்லது. மிக மெதுவான அலைகளை நீக்கும் கீழ் வடிகட்டி 0.05 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். அதை உயர்த்தினால் குளிரில் நீண்டுபோன மெதுவான அலைகள் உருமாறிவிடும்.

படித்தல்

உறக்கத்துக்குள் போகும் கட்டத்தை முதலில் பாருங்கள். உடல் குளிர்வதால் இதயம் மெதுவாகிறது என்று நினைத்தால் வரைபடம் திருத்திவிடும்: துடிப்புதான் முதலில் குறைகிறது, வெப்பம் பின்னால் வருகிறது. வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி இறங்குவதற்குள்ளேயே துடிப்பு பாதியாகிவிடலாம். இதை நடத்துவது இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு. நடுநடுவே துடிப்புகள் விடுபட்டு, ஒழுங்கில்லாத நீண்ட இடைவெளிகள் தெரியும். இதை நோய் என்று குறித்துவிடாதீர்கள்.

ஆழ்ந்த உறக்கத்தில் மேலறை அலைக்கும் கீழறை அலைக்கும் இடையிலான நேரம் நீளும், கீழறை அலை அகலும். ஆனாலும் ஒன்றையடுத்து மற்றது என்ற வரிசை பெரும்பாலும் கலையாது. அந்த ஒழுங்குதான் இந்த இதயத்தின் பலம். குளிரில் எலியின் இதயச் செல்லுக்குள் கால்சியம் தேங்கி, நேரங்கெட்ட நேரத்தில் அலையாகக் கிளம்பும். தாறுமாறான துடிப்புக்கு அது வித்திடும். தரை அணிலின் செல்லோ வெளியிலிருந்து வரும் கால்சியத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைச் செல்லுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பறைக்கு விரைவாகத் திருப்பி அனுப்புகிறது. எரிபொருளும் சர்க்கரையிலிருந்து கொழுப்புக்கு மாறிவிடுகிறது.

கணக்கு

10 டிகிரிக்குத் துடிப்பு எத்தனை மடங்கு மாறுகிறது என்று பாருங்கள். இரு வெப்பநிலைகளின் துடிப்பு வேகங்களின் விகிதத்தை, 10ஐ வெப்ப வேறுபாட்டால் வகுத்து வரும் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 37 டிகிரியில் 300, 5 டிகிரியில் 5 என்றால் விகிதம் 60, அடுக்கு 0.3125, விடை சுமார் 3.6. குளிர் மட்டுமே காரணமாக இருந்தால் பொதுவாக 2 முதல் 3 வரை வரும். அதற்கு மேல் வந்தால் உடலே துடிப்பைப் பிடித்து நிறுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். அமெரிக்கக் கருங்கரடியில் இது இன்னும் தெளிவு. அதன் துடிப்பு சுமார் 55லிருந்து 14க்கு இறங்குகிறது, வெப்பமோ 33 டிகிரி அளவில் நிற்கிறது. 37லிருந்து 33 என்று வைத்தால் விடை 31 வரும். குளிர் இதற்குக் காரணமாக இருக்கவே முடியாது.

வெப்பமானி இருக்கும் இடம் இந்தக் கணக்கைக் கெடுக்கும். விழிக்கும்போது தோள்களுக்கு நடுவே உள்ள, வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு எரிந்து மார்பு முதலில் சூடாகும், பின்னுடலுக்கு ரத்தம் பிந்தித்தான் போகும். கருவி வயிற்றில் இருந்தால் இதயம் ஏற்கெனவே சூடாகியிருக்க, எண் இன்னும் குளிர் என்றே காட்டும். ஆகவே விழிப்புக் கட்டத்தின் வயிற்று வெப்பத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெப்பம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் ஆழ்ந்த பகுதியை மட்டும் எடுங்கள்.