'தி பேட்மேன்' பிடித்துப்போனதா? அடுத்த படத்தை நீங்களே தேடி எடுக்கும் வழி

2022-இல் மேட் ரீவ்ஸ் இயக்கிய 'தி பேட்மேன்' படத்தைப் பார்த்து முடித்தவர்களில் பலர் கேட்பது, "இதே மாதிரி வேற படம் இருக்கா?" என்றுதான். ஓடிடி தளத்திடம் கேட்டால் அது வரிசையாகச் சூப்பர் ஹீரோ படங்களாக அடுக்கும். அதில் ஒன்றைப் போட்டால் பளபளக்கும் வண்ணங்கள், வரிக்கு வரி நகைச்சுவை, வானத்தில் பறக்கும் சண்டை. கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

உங்களைக் கட்டிப்போட்டது முகமூடி இல்லை, அதனால்தான் இப்படி ஆகிறது. அந்தப் படத்துக்குள் ஒரு துப்பறியும் கதை, ஒரு ஊழல் நகரத்தின் கதை, தூக்கம் தொலைத்த ஒரு தனியனின் கதை எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. இவற்றில் எது உங்களை இழுத்தது என்று தெரிந்துவிட்டால் அடுத்த படம் தானாகக் கிடைக்கும். அது பெரும்பாலும் சூப்பர் ஹீரோ படமாக இருக்காது. பெரிய சினிமா அறிவெல்லாம் இதற்குத் தேவையில்லை. (சில காட்சிகளைக் குறிப்பிட்டிருக்கிறேன், முடிவைச் சொல்லவில்லை.)

படி 1: மனதில் நின்ற காட்சிகளை எழுதுங்கள்

மூன்று காட்சிகள் போதும். கதைச்சுருக்கம் வேண்டாம். "சண்டை சூப்பர்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் தேட முடியாது. "இருட்டு நடைபாதையில் சண்டை, துப்பாக்கி வெடிக்கும் வெளிச்சத்தில் மட்டும் பேட்மேன் தெரிகிறார்" என்று எழுதினால் தேட முடியும். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் அப்படியே எழுதுங்கள்.

படி 2: அந்தக் காட்சி எந்த வகை என்று பாருங்கள்

ஓர் உதாரணம். மேயர் கொலையாகிக் கிடக்கும் அறைக்குள், போலீஸ்காரர்கள் முறைத்துக்கொண்டிருக்க, பேட்மேன் மெதுவாக நடந்து வருகிறார். அங்கே அவர் பெயருக்கு ஒரு வாழ்த்து அட்டை. உள்ளே ஒரு விடுகதை, கூடவே ஒரு சங்கேத எழுத்து. இந்தக் காட்சியில் பறப்பதும் இல்லை, அடிதடியும் இல்லை. ஒரு மனிதர் தடயங்களைப் பார்க்கிறார், அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் இது இருந்தால் நீங்கள் தேட வேண்டியது தொடர்கொலைத் துப்பறியும் படம்.

அப்படியானால் முதலில் டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' (1995). ஓயாத மழை, பெயர் சொல்லப்படாத நகரம், ஒவ்வொரு கொலையையும் ஒரு பாடமாக நினைத்துச் செய்யும் கொலையாளி. அப்புறம் அதே இயக்குநரின் 'சோடியாக்' (2007). 'தி பேட்மேன்' படத்தின் வில்லன் ரிட்லரை உருவாக்கும்போது, சோடியாக் என்ற உண்மையான தொடர்கொலையாளியை மனதில் வைத்திருந்ததாக ரீவ்ஸே சொல்லியிருக்கிறார். அந்தக் கொலையாளி 1969-இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரப் பத்திரிகைகளுக்குச் சங்கேதக் கடிதங்கள் அனுப்பியவன். முதல் சங்கேதத்தை ஓர் ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாட்களிலேயே உடைத்துவிட்டார்கள். 340 எழுத்துகள் கொண்ட இன்னொன்று 2020 டிசம்பரில்தான் உடைந்தது. இதைத் தெரிந்துகொண்டு 'தி பேட்மேன்' படத்தை மறுபடி பார்த்தால், அந்த வாழ்த்து அட்டைகள் வேறு மாதிரி பயமுறுத்தும்.

தென்கொரியப் படம் பார்க்கத் தயார் என்றால் போங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). உண்மையில் நடந்த தொடர்கொலைகளைத் தழுவியது. இருட்டும் மழையும் இதிலும் உண்டு, ஆனால் இங்கே இருப்பது வயல்வெளி. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உங்கள் காட்சி, முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வேய்ன் நாட்குறிப்பு வாசிக்கும் தொடக்கமாக இருந்தால் பாதை மாறுகிறது. இரவு, நகரம், உள்ளுக்குள் கொதிக்கும் ஒரு குரல். நேராக மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'டாக்ஸி டிரைவர்' (1976) படத்துக்குப் போகலாம். மேயர், மாஃபியா, போலீஸ் எல்லாம் ஒரே வலையில் சிக்கியிருப்பது பிடித்திருந்தால் 'சைனாடவுன்' (1974). 1937-இன் லாஸ் ஏஞ்சலஸில் தண்ணீரை வைத்து நடக்கும் ஊழலை ஒரு தனியார் துப்பறிவாளர் தோண்டிக்கொண்டே போகிறார்.

படி 3: படத்தை எடுத்தவர்களின் பெயரைப் பிடியுங்கள்

கதையை விட, படம் இருந்த விதம்தான் பிடித்தது என்பவர்களுக்கு இந்தப் படி. அந்த மங்கலான சிவப்பு வெளிச்சம், கண்ணாடியில் வழியும் மழை, பின்னணியில் கலங்கித் தெரியும் விளக்குகள்: எல்லாம் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசரின் வேலை. இசை மைக்கேல் ஜியாச்சினோ.

சினிமா ரசிகர்கள் பார்த்த படங்களைப் பதிவுசெய்யும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் படத்தின் பக்கத்தைத் திறந்தால், நடிகர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே தொழில்நுட்பக் கலைஞர்கள் பட்டியல் இருக்கும். ஒளிப்பதிவாளரின் பெயரைத் தட்டினால் அவர் எடுத்த படங்கள் எல்லாம் வந்துவிடும். அப்படிப் பார்க்கும்போது 'லெட் மீ இன்' (2010) கண்ணில் படும். ரீவ்ஸ், ஃப்ரேசர், ஜியாச்சினோ மூவரும் 'தி பேட்மேன்' படத்துக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே சேர்ந்து செய்த படம். பனி கொட்டும் ஊர், பள்ளியில் அடிவாங்கும் ஒரு சிறுவன், பக்கத்து வீட்டுக்கு வரும் விசித்திரமான சிறுமி. சூப்பர் ஹீரோ வாடையே கிடையாது. ஆனாலும் மனநிலை அதேதான்.

படி 4: இயக்குநர் எதைப் பார்த்தார் என்று தேடுங்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான். ஒரு படத்துக்கு நெருக்கமான படங்கள் எவை என்று கணினியை விட அதை எடுத்தவருக்கு நன்றாகத் தெரியும். யூடியூபில் இயக்குநரின் பெயரோடு படத்தின் பெயரையும் 'இன்ஃப்ளூயன்சஸ்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். வீடியோ பார்க்க நேரமில்லையென்றால், ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்தப் படத்தின் தயாரிப்புப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

ரீவ்ஸ் பேட்டிகளில் 1970-களின் அமெரிக்கப் படங்களையே அதிகம் சொல்கிறார். 'சைனாடவுன்', 'டாக்ஸி டிரைவர்' இரண்டும் அதில் உண்டு. கூடவே 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்', 'க்ளூட்' (இரண்டும் 1971).

'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தில் மேலே பாலத்தில் ஓடும் ரயிலை, கீழே நியூயார்க் தெருவில் ஒரு போலீஸ்காரர் காரில் துரத்துவார். பெங்குவின் என்ற மாஃபியா ஆளைப் பேட்மேன் மழையில் துரத்தும் காட்சியை அதற்கு அடுத்து போட்டுப் பாருங்கள். இரண்டிலும் கேமரா காரோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. துரத்துபவரின் வெறியைப் பார்த்து நமக்கே கொஞ்சம் பயம் வருகிறது. 'க்ளூட்' படத்தின் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ். 'தி காட்ஃபாதர்' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர். பாதி முகம் இருட்டில் மூழ்கிக் கிடக்கும். யாரோ எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற உணர்வு கடைசி வரை விடாது.

படி 5: ஐஎம்டிபியில் இரண்டு இடங்கள்

ஐஎம்டிபி என்ற சினிமாத் தகவல் தளத்தில் படத்தின் பக்கத்தைத் திறந்தால், கதைக்குறிப்பின் கீழே 'கீவேர்ட்ஸ்' (குறிச்சொற்கள்) இருக்கும். மழை, முகமூடி, விடுகதை, ஊழல் போலீஸ் என்று நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும், எல்லாம் வேண்டாம். படி 1-இல் எழுதிய காட்சிக்குப் பொருந்துவதை மட்டும் தட்டுங்கள். அதே குறிச்சொல் உள்ள மற்ற படங்கள் வரும். ஒரே சொல்லை வைத்துத் தேடினால் குப்பையும் சேர்ந்து வரும். மேம்பட்ட தேடலில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

இன்னொன்று 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பகுதி. இந்தப் படம் எந்தப் பழைய படங்களைச் சுட்டுகிறது, எந்தப் புதிய படங்கள் இதைச் சுட்டுகின்றன என்று அங்கே இருக்கும். பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இல்லை, எனக்குச் சூப்பர் ஹீரோவே வேண்டும் என்றால்

சரி, அதற்கும் நல்ல படங்கள் உண்டு. 'பேட்மேன்: மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டசம்' (1993) அனிமேஷன் என்பதால் ஒதுக்கிவிடாதீர்கள். 76 நிமிடத்துக்குள் புரூஸ் வேய்னின் சோகத்தை அது சொல்லும் அழகு பல பெரிய படங்களில் இல்லை. எம். நைட் ஷியாமளனின் 'அன்பிரேக்கபிள்' (2000) சக்தி இருப்பதே தெரியாத ஒரு சாதாரணக் காவலாளியின் கதை. 'லோகன்' (2017) பார்த்தால், நடுவில் ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் ஓடும் 'ஷேன்' (1953) என்ற கௌபாய் படத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது அங்கே காரணமில்லாமல் ஓடவில்லை.

படி 6: பார்க்கும் முன்

ஐஎம்டிபியின் 'பேரண்ட்ஸ் கைடு' பகுதியைப் பாருங்கள். மேலே சொன்னவற்றில் பல வயதுவந்தோருக்கானவை. 'செவன்' படத்தைக் குழந்தைகள் இருக்கும்போது போடவே கூடாது. எந்தத் தளத்தில் கிடைக்கிறது என்று ஜஸ்ட்வாட்ச் என்ற தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் தெரிந்துவிடும்.

வரிசையும் முக்கியம். எடுத்த எடுப்பில் 1970-களுக்குப் போனால் அந்த வேகம் பழக்கமில்லாதவர்களுக்குச் சலிப்புத் தட்டும். 'செவன்' முதலில், 'சோடியாக்' அடுத்து, அதற்குப் பிறகு 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்'. 'க்ளூட்', 'சைனாடவுன்' இரண்டையும் அவசரமில்லாத ஓர் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். வசனங்களில் பாதி முணுமுணுப்பாகத்தான் வரும்.