லிஃப்ட் ஏற்றிய ஜீப்பில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் சரிபார்க்க

காரைக்குடி பக்கம் கண்மாய்க் கரையில் ஏறி இறங்கும் ஜீப்பை லிஃப்ட் செய்தால் (சஸ்பென்ஷனை உயர்த்தினால்), வண்டி நிற்கும் நிலையில் மட்டும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை (ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டை) அளப்பது போதாது.

சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸை ஸ்டாண்டில் தாங்கி, ஆக்ஸிலை (சக்கர அச்சை) முழுசாகத் தொங்க விடுங்கள். ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் இரு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல் பகுதி) குறைந்தது 50 மி.மீ. உள்ளே பிடித்திருக்க வேண்டும். குறைந்தால் பள்ளத்தில் கழன்றுவிடும். அப்படியே நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டு) எங்காவது இறுகினால் கோணம் அதிகம். நீளத்தைக் கூட்டி இது தீராது.

அடுத்து ஆக்ஸிலை பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே முட்டி நிற்கும் ரப்பர்) வரை ஜாக்கியால் தூக்குங்கள். ஸ்லிப் (ஷாஃப்டின் சறுக்கும் பாதி) உள்ளே போக இன்னும் 25 மி.மீ. மிச்சம் வேண்டும். இல்லையென்றால் அடி நேராக டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பேரிங்கில் விழும். இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை.

ஷாஃப்டைக் கழற்றும் முன் அதன் இரு பாதிகளிலும் நேர்க்கோடு கீறுங்கள். ஒரு பல் மாறினாலும் அதிரும். பூட் (ஸ்ப்ளைனை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருந்தால் செம்மண் புழுதி ஸ்ப்ளைனை அரைத்துவிடும், உடனே மாற்றுங்கள்.