செயலியை நீக்கினால் சந்தா நிற்காது

ஒரு செயலியில் ஏழு நாள் இலவசம் என்று போட்டிருக்கும். அட்டை எண்ணைக் கொடுத்து உள்ளே போவோம், இரண்டு நாள் பார்ப்போம், பிடிக்காது. செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டு மறந்தும் போவோம். எட்டாவது நாளிலிருந்து பணம் போக ஆரம்பிக்கும்.

மறந்துபோன சந்தாக்களில் முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். செயலி இருப்பது போனில். சந்தா இருப்பது உங்கள் கணக்கில். ஒன்றை நீக்கினால் மற்றது போகாது. ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே இருக்கும் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்களுக்கென்று ஒரு பகுதி வரும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குள் போய், வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ கிடைக்கும். எப்போதோ நீக்கிய செயலியின் சந்தாகூட அங்கே உயிரோடு இருக்கலாம்.

அந்தப் பட்டியலில் இல்லையே, அப்போ சந்தாவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் அங்கேயே போய்த்தான் நிறுத்த வேண்டும். பேபால் வழியாகக் கட்டியிருந்தால் அதன் தானியங்கிக் கட்டணப் பட்டியலையும் பாருங்கள். பழைய மின்னஞ்சல் முகவரியில் சேர்ந்துவிட்டு, புதிய முகவரியில் தேடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. பணம் யார் வழியாகப் போகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு மெயிலில் வந்த பழைய ரசீதைவிட நல்ல தடயம் இல்லை.

வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது கடைசி மாதத்தை மட்டும் புரட்டினால் போதாது. ஆண்டுச் சந்தா வருடத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். பதின்மூன்று மாதமாவது பின்னால் போங்கள். செயலியின் பெயர் ஒன்றாகவும் பணம் எடுக்கும் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். பெயர் புரியவில்லை என்றதும் மோசடி என்று வங்கியில் புகார் கொடுப்பது அவசரம். அந்தத் தொகையையும் தேதியையும் வைத்து மெயிலில் தேடுங்கள், வீட்டில் உள்ளவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நியாயமான கட்டணத்தை வங்கி வழியாகத் திரும்ப வாங்கினால், அந்த நிறுவனம் உங்கள் கணக்கையே முடக்கிவிடக்கூடும்.

அட்டை காலாவதியானால் தானாக நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே புது அட்டையின் விவரத்தை வணிகர்களுக்குத் தெரிவிக்கும் சேவையை வைத்திருக்கின்றன. உங்கள் வங்கியும் அந்த நிறுவனமும் அதில் சேர்ந்திருந்தால் புது அட்டையிலும் பணம் போகும். அட்டையை முடக்கிப் பணம் போவதைத் தடுத்தாலும், ஒப்பந்தம் முடியாதவரை பாக்கி என்று கணக்கெழுதுபவர்களும் இருக்கிறார்கள். முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள்; அதற்கு மேலும் எடுத்தால் வங்கிக்குப் போங்கள்.

அப்புறம், பாதியில் நிறுத்திவிடும் தவறு. ரத்து என்று அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்போம். உடனே ஒரு திரை வரும்: போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம். அடுத்து, மூன்று மாதம் இடைநிறுத்தலாமே என்று இன்னொன்று. பளிச்சென்ற பெரிய பொத்தான் தொடரச் சொல்லும். நமக்கு வேண்டியது அதன் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். இப்படி வைப்பது வேண்டுமென்றேதான், சந்தேகமே வேண்டாம். இடைநிறுத்தம் ரத்து ஆகாது, கெடு முடிந்ததும் மறுபடி பணம் எடுக்கும். ‘இந்தத் தேதியோடு முடிகிறது’ என்ற வாசகமோ உறுதி மெயிலோ வரும்வரை நகராதீர்கள். வந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலவசக் காலத்தின் கடைசி நாள்வரை காத்திருப்பதும் ஆபத்து. ஆப்பிளில் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். பல சேவைகளில் சேர்ந்த அன்றே ரத்து செய்தாலும் மிச்ச நாட்களைப் பயன்படுத்தலாம். சிலவற்றில் மட்டும் அந்த நிமிடமே கதவடைத்துவிடுவார்கள், அதனால் திரையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அழுத்துங்கள். இணையத்தில் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் மேகச் சேமிப்பு என்றால் படங்களையும் கோப்புகளையும் முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போன பணம் போனதுதான் என்று விட்டுவிடவும் வேண்டாம். ஆப்பிள், கூகுள் இரண்டிலும் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. சீக்கிரம் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டதாலேயே சந்தா நின்றுவிட்டது என்று எண்ணாதீர்கள், அதைத் தனியாகப் போய்ச் சரிபாருங்கள்.