மூன்று நியூரான் சோதனை: சேர்ந்து துடித்தால் தொடர்பு வலுக்குமா?

ஒன்றாகத் துடிக்கும் நியூரான்கள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும் என்று படித்திருப்பீர்கள். அது பாதி உண்மைதான். பைத்தானும், நியூரான்களைக் கணினியில் போலச்செய்யும் பிரையன்2 தொகுப்பும் இருந்தால் அரை மணி நேரத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

படி 1: வலை. அ, ஆ, இ என மூன்று நியூரான்கள். ஓய்வு மின்னழுத்தமும் ஸ்பைக்குக்கு, அதாவது நியூரானின் ஒரு துடிப்புக்கு, பிந்தைய மீட்டமைப்பும் −70 மில்லிவோல்ட், துடிக்கவைக்கும் வாசல் −54, ஓய்வுக்குத் திரும்பும் கால மாறிலி 20 மில்லிவினாடி. ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் இணைத்தால் ஆறு சினாப்ஸ் (இணைப்பு). ஒவ்வொன்றின் எடையும் (ஒரு ஸ்பைக் பெறும் நியூரானின் மின்னழுத்தத்தை உயர்த்தும் அளவு) 3 மில்லிவோல்ட்டில் தொடங்கட்டும். 0-க்குக் கீழேயோ 6-க்கு மேலேயோ போகவிடாதீர்கள். ஸ்பைக் போய்ச்சேரும் தாமதம் 1 மில்லிவினாடி.

படி 2: கற்றல் விதி. அனுப்பும் நியூரானின் ஸ்பைக் முதலில் வந்து, பெறும் நியூரான் பிறகு துடித்தால் எடையில் 0.06 கூட்டுங்கள், முறை மாறினால் 0.063 கழியுங்கள். இடைவெளி கூடக்கூட இரண்டும் 20 மில்லிவினாடி மாறிலியோடு தேயும். குவோசியாங் பி, மூமிங் பூ இருவரும் 1998இல் எலியின் ஹிப்போகாம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) நியூரான்களில் அளந்து காட்டியது இந்த வகை விதியைத்தான்.

படி 3: தூண்டல். 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை 20 மில்லிவோல்ட் உதை (மின்னழுத்தத்தைச் சட்டென உயர்த்துவது), மொத்தம் 20 வினாடி. இடைவெளியைக் குறைத்தால் அடுத்தடுத்த உதைகள் ஜோடி சேர்ந்து கணக்கைக் குழப்பும். இரண்டு தனி ஓட்டங்கள்: ஒன்றில் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் உதை, மற்றதில் ஆ 5, இ 10 மில்லிவினாடி பிந்தி.

வரிசைப்படி உதைத்த ஓட்டத்தில் 10 வினாடிக்குள் அ→ஆ, ஆ→இ, அ→இ மூன்றும் 6-ஐத் தொடும், எதிர்த்திசை மூன்றும் 0. ஒரே நேர ஓட்டத்திலோ ஆறுமே சுமார் 5 வினாடியில் 0! காரணம் அந்த 1 மில்லிவினாடி. ஸ்பைக் போய்ச்சேரும்போது எதிர் நியூரான் ஏற்கெனவே துடித்து முடித்திருக்கும். விதி அதைத் தலைகீழ் வரிசையாகவே பார்க்கும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். தாமதத்தைக் கொடுக்க மறந்தால் ஆறு எடையும் 6-க்கு ஏறி, பாடப்புத்தக வாசகம் நிரூபணமானது போலத் தெரியும். அது நிரலில் எந்த வரி முதலில் ஓடுகிறது என்பதன் விளைவு, அவ்வளவுதான்.

படி 4: காரணச் சோதனை. கற்றலை நிறுத்துங்கள். உதைக்காத இரண்டின் ஓய்வு மின்னழுத்தத்தை −59-க்கு உயர்த்தி, ஒன்றை மட்டும் உதையுங்கள். வரிசை ஓட்டத்தில் அ-வை உதைத்தால் 1 மில்லிவினாடியில் ஆ, இ இரண்டும் துடிக்கும். ஆ-வை உதைத்தால் இ மட்டும். இ-யை உதைத்தால் எதுவுமில்லை. ஒரே நேர ஓட்டத்தில் எதை உதைத்தாலும் மற்றவை அசையாது. பயிற்சிப் பதிவை மட்டும் பார்த்தவருக்கோ மூன்றும் முழு ஒத்திசைவில் இருந்ததாகத்தான் தெரிந்திருக்கும்.