மைல்ஸ் டிக்கெட் எடுக்கும் முன்: தேதி மாறினாலும் கையைச் சுடாத வழி

மெல்போர்னில் இருக்கும் மகளுக்கு டிசம்பர் முதல் வாரம் பிரசவம் என்று தேதி குறித்திருந்தார்கள். கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயின்ட் அத்தனையையும் மைல்ஸாக, அதாவது காசுக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்கும் விமான நிறுவனப் புள்ளிகளாக மாற்றி, நவம்பர் கடைசியில் கிளம்ப டிக்கெட் எடுத்தேன். கிளம்பும் நாள் விடியற்காலை, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வழியில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டது. குன்னூரிலிருந்து கோத்தகிரி வழியாகச் சுற்றி, மூடுபனியில் ஊர்ந்து கோவை விமான நிலையம் சேர்ந்தபோது கவுன்டர் மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. சென்னை விமானம் போனதோடு மெல்போர்ன் டிக்கெட்டும் ரத்து. மைல்ஸ் திரும்பி வரவில்லை. மூன்று வருடம் சேர்த்தது அது.

மலையில் இருப்பவர்களுக்கு இது நடக்கக்கூடியதுதான். முதன்முறை மைல்ஸில் டிக்கெட் எடுக்கிறவர்கள் கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள்.

முதலில், எந்தத் தேதி மாறும் என்று யோசியுங்கள். பிரசவத்துக்குப் போகிறவர்களுக்குத் திரும்பும் தேதி கையில் இல்லை. விமான நிறுவனங்களின் பல மைல்ஸ் திட்டங்களில் ஒரு வழிக்கு ஆகும் மைல்ஸ், போய்வர ஆவதில் சரிபாதிதான். அதனால் இரண்டையும் தனித்தனியாக எடுக்கலாம்: உறுதியான பக்கத்துக்கு மலிவான டிக்கெட், ஆடக்கூடிய பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வசதியான டிக்கெட்.

அடுத்தது விதியைப் படிப்பது. பேங்க் பாயின்ட்டை விமான நிறுவனத்துக்கு மாற்றும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். மாற்றிய பாயின்ட் பேங்குக்குத் திரும்பாது. நான்கு கேள்விக்குப் பதில் தேடுங்கள். ரத்து செய்ய எவ்வளவு? தேதி மாற்ற எவ்வளவு? எத்தனை மணி நேரம் முன்பு வரை செய்யலாம்? வராமலே போனால் என்ன ஆகும்? நாலாவது கேள்வியை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

இதில் குழம்ப வேண்டாம்: நீங்கள் ஏறும் விமானம் யாருடையது என்பது முக்கியமில்லை, யாருடைய மைல்ஸைக் கொடுத்தீர்களோ அவர்களுடைய ரத்து விதிதான் செல்லும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சீட்டை அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட்டின் மைல்ஸ் கொடுத்தும் எடுக்க முடியும். அப்போது பார்க்க வேண்டியது யுனைடெட்டின் விதி.

ஒரே விமானத்துக்கு இரண்டு விலை காட்டுவதையும் பார்ப்பீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் சேவர், அட்வான்டேஜ் என்று இருக்கும். சேவருக்கு மைல்ஸ் குறைவு; அட்வான்டேஜுக்கு அதிகம், ஆனால் மாற்றும்போது கட்டணம் குறைவு. எல்லாரும் சேவருக்கே ஓடுவார்கள். தேதி மாற வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் அட்வான்டேஜ் எடுங்கள் என்பேன்.

இன்னொன்று: தேதி மாற்ற அனுமதி இருந்தால் மட்டும் போதாது, புதிய தேதியில் அதே வகை மைல்ஸ் சீட் இருக்க வேண்டும். டிசம்பர் லீவிலும் பொங்கலை ஒட்டியும் அது லேசில் கிடைக்காது. எடுக்கும் முன்பே அடுத்த இரண்டு வாரத்துக் காலண்டரைத் திறந்து பாருங்கள். எங்குமே சீட் இல்லையென்றால் தேதி மாற்றும் வசதியை நம்பாமல், குறைந்த செலவில் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டைத் தேடுங்கள்.

மைல்ஸ் காலாவதியையும் கவனியுங்கள். கிரிஸ்ஃபிளையர் மைல்ஸுக்கு மூன்று வருடம்தான் ஆயுள், யுனைடெட்டுக்குக் காலாவதி கிடையாது. ரத்து செய்தால் மைல்ஸ் பழைய காலாவதித் தேதியோடுதான் திரும்பும். அடுத்த மாதம் முடியப்போகும் மைல்ஸில், மாறக்கூடிய பயணத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

கோவையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) இருந்தால், நடுவில் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் முதல் விமானத்தில் ஏறாவிட்டால் மீதியும் போய்விடும், எனக்கு நடந்தது போல.

கடைசியாக, ஆப்பில் லாகின் செய்து, ரத்து செய்யும் பொத்தான் எங்கே என்று டிக்கெட் எடுத்த அன்றே பார்த்து வையுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காட் ரோட்டு வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்த நிமிடமே, கெடு தாண்டும் முன், வண்டியை ஓரம்கட்டி ரத்து செய்துவிடுங்கள். நவம்பர், டிசம்பர் டிக்கெட் என்றால் நான் இப்போது முந்தின நாள் மத்தியானமே கீழே இறங்கி மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுகிறேன்.